மறுமொழி: ஃபேர்போர்ட் கன்வென்ஷன் முதல் ஆல்பத்தில் வயலின் எங்கே?

வணக்கம். இங்கிலாந்தின் ஃபோக் ராக் (நாட்டுப்பாடலும் ராக்கும் கலந்த) இசைக்குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 1968-இல் வந்த முதல் ஆல்பத்தை வாங்கினால் அமெரிக்க வாடைதான் அடிக்கிறது, வயலின் இசையும் பழைய கதைப்பாடல்களும் எல்லோரும் புகழும் அந்தப் பெண்குரலும் காணோம், இது வேறு குழுவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே குழுதான். அதில் பாடும் பெண் ஜூடி டைபிள். நீங்கள் தேடும் அந்தக் குரலுக்குரிய சாண்டி டென்னி அதன் பிறகுதான் வந்து சேர்ந்தார்.

1969-இன் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் 'எ செய்லர்ஸ் லைஃப்' பாடலிலிருந்து தொடங்குங்கள். பதினோரு நிமிடம் ஓடும், பொறுமையாகக் கேளுங்கள். டென்னி பாடி முடித்ததும் குழுவின் கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் மின்கிதாரும் விருந்தாளியாக வந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ஒன்றையொன்று துரத்தும். குழு பழைய பாடல்களின் பக்கம் திசை மாறுவதை அங்கே காதாலேயே உணரலாம். டிரம்ஸ் வாசிப்பவர் மார்ட்டின் லாம்பிள். அந்த ஆல்பம் கடைக்கு வருமுன்பே, மே மாதம், கச்சேரி முடிந்து திரும்பிய வேன் விபத்துக்குள்ளாகி அவர் இறந்துவிட்டார். வயது 19. அதை அறிந்த பிறகு அந்தத் தாளத்தை என்னால் சும்மா கேட்க முடிவதில்லை.

பிழைத்தவர்கள் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் கூடித் தங்கி, ஸ்வார்பிரிக்கை முழுநேர உறுப்பினராக்கி, அதே ஆண்டு டிசம்பரில் தந்ததுதான் 'லீஜ் அண்ட் லீஃப்'. நீங்கள் தேடும் கதைப்பாடல்கள் அதில் இருக்கின்றன: 'மேட்டி குரோவ்ஸ்', 'டாம் லின்'. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கதை புரிந்தால் சுவை பெருகும்.

1970-இன் 'ஃபுல் ஹவுஸ்' அருமையானது, ஆனால் அதைப் பிறகு வாங்குங்கள். அதற்குள் டென்னி விலகிவிட்டார்.