கோடை நேரம் ஆண்டு முழுவதும் வேண்டுமா? (கடிதம்)

வணக்கம் ஐயா,

மார்ச்சில் மணிக்கூட்டை முன்னுக்கும் நவம்பரில் பின்னுக்கும் திருப்பி அலுத்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிய இந்தக் கோடை நேரத்தையே நிரந்தரமாக்க எங்கள் கனடிய மாகாணமான ஒன்ராறியோ 2020இலேயே சட்டம் இயற்றிவிட்டது. பக்கத்திலுள்ள அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலமும் கியூபெக் மாகாணமும் கூட வந்தால்தான் நடைமுறைக்கு வருமாம். டிசம்பரில் நாலே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் வெளிச்சம் கூடக் கிடைத்தால் யாருக்கு என்ன நட்டம்? உங்கள் கருத்து என்ன?

ச., ஸ்காபரோ

அன்புள்ள ச.,

நட்டம் காலைக்கு. ஜனவரி தொடக்கத்தில் ரொறன்ரோவில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7.50க்கு. நீங்கள் கேட்கும் ஏற்பாட்டில் அது 8.50. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பனியில் நிற்பது கும்மிருட்டில். மாலையில் கிடைப்பதோ, ஐந்தரைக்கு வேலை முடிகிறவருக்குக் கால் மணி நேர வெளிச்சம்.

அமெரிக்கா இதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம். ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட சட்டப்படி 1974 ஜனவரி 6ஆம் தேதி, நடுக்குளிரில், மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். டிசம்பரில் நூற்றுக்கு 79 பேர் ஆதரித்த திட்டம் அது. அப்புறம் புளோரிடாவில் இருட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வாகனங்களில் அடிபட்டு இறந்த செய்திகள் வந்தன. பெப்ரவரியில் ஆதரவு 42க்கு இறங்கியது. இரண்டு குளிர்காலத்துக்கென்று போட்ட சட்டத்தை அந்த ஒக்டோபரிலேயே திருத்திவிட்டார்கள். ரஷ்யாவும் 2011இல் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய், மொஸ்கோவில் டிசம்பர் விடியல் பத்து மணியைத் தொட, 2014இல் முன்னுக்குத் தள்ளாத குளிர்கால நேரத்துக்குத் திரும்பியது.

இலங்கையில் நாங்களும் இதைப் பத்து வருடம் அனுபவித்தவர்கள்தான். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்தபின், வன்னி எல்லைச் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் அரை மணி மாறும். எத்தனை மணிக்குச் சந்திப்போம் என்றால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். ராகுகாலம் பார்க்கிறவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள், புது மணிக்கூட்டில் எட்டிலிருந்து ஒன்பதரை என்று அரை மணியைக் கூட்டிக்கொண்டார்கள். அரசாங்க உத்தரவு சூரியனுக்குப் போய்ச் சேராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

ஆனாலும் நாங்கள் சமாளித்தோம். காரணம், எங்கள் தீவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரமளவுதான். ரொறன்ரோவில் அது ஆறரை மணி நேரம். குளிர்காலத்தில் ஒன்பது மணி நேரப் பகல்தான் மொத்தக் கையிருப்பு. மணிக்கூட்டை எப்படித் திருப்பினாலும் அது கூடப் போவதில்லை. உங்கள் மாகாணத்துக்கு இது புது விளையாட்டும் இல்லை. ஒன்ராறியோவின் போர்ட் ஆர்தர், இப்போதைய தண்டர் பே, 1908இலேயே கோடை நேரத்தைத் தொடங்கிய ஊர்.

வருடத்துக்கு இரண்டு தரம் திருப்புவது தொல்லை என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் குளிர்கால நேரத்தில் நிறுத்த வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் 2020இல் இதையே சொன்னது: காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறது. கோடையில் ஒன்பது மணிக்கு மறைகிற சூரியன் எட்டு மணிக்கு மறையும், அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நியூயோர்க்கை நம்பியும் பயனில்லை. 1966ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எந்த மாநிலமும் தானாக நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போக முடியாது, நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதிக்க வேண்டும். 2022 மார்ச்சில் அதன் மேலவையான செனட் அப்படியொரு மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதைக் கையில் எடுக்கவேயில்லை. குளிர்கால நேரத்தில் நிற்பதற்கு அந்த அனுமதி தேவையில்லை. ஹவாய் அப்படித்தான் இருக்கிறது, நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி நீங்கலாக அரிசோனாவும் அப்படித்தான். உங்கள் மாகாண உறுப்பினரிடம் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.