புரட்டாசியில் ஒரு நிலா விருந்து

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றலாகி, இந்தச் சித்திரையில் சீனாவின் குவாங்சோ நகரத்துக்குக் குடிவந்தோம். அவருடன் வேலை பார்க்கும் சீன நண்பர், 2026 செப்டம்பர் 25 அன்று நிலாத் திருவிழா இரவுச் சாப்பாட்டுக்குத் தன் பெற்றோர் வீட்டுக்கு எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். எங்களுக்கு அது புரட்டாசி வெள்ளிக்கிழமை. இந்த மாதம் முழுக்க முட்டைகூடத் தொட மாட்டோம். அங்கே போனால் சாப்பிட ஏதாவது இருக்குமா? நிலாவைக் கும்பிடச் சொல்வார்களா? என்ன வாங்கிக்கொண்டு போவது? "வயிறு சரியில்லை என்று சொல்லிக் கழன்றுகொள்ளலாம்" என்கிறார் கணவர். இதற்கிடையே இந்தத் திருவிழாவுக்கென்று செய்யும் மூன்கேக் இனிப்புப் பெட்டிகள் நாலு வந்து வீட்டில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

- பெயர் வேண்டாம், குவாங்சோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பாவம், வயிற்றின் மேல் பழியைப் போடாதீர்கள். போய்வாருங்கள். சீனாவில் விருந்து என்றால் பெரும்பாலும் உணவகத்தில்தான். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பது நெருக்கமானவர்களைத்தான். அதிலும் அவர்கள் கணக்கில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் இரவு என்பது குடும்பத்து ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே இருப்பது. சீனப் புத்தாண்டுக்கு அடுத்தபடி பெரிய நாள் இதுதான். அந்த மேசையில் உங்கள் நாலு பேருக்கும் இடம் போட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் கணவர் அந்த அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் கவலையில் நியாயமானது சாப்பாடு ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டிய நேரம் இப்போது. மேசையில் உட்கார்ந்த பிறகு அல்ல. அந்த வீட்டு அம்மா காலையிலேயே சந்தைக்குப் போய், கோழி, வாத்து, மீன் என்று தேடி வாங்கி, மதியத்திலிருந்து அடுப்படியில் நின்றிருப்பார். அவர் எடுத்து உங்கள் கிண்ணத்தில் வைக்கும் துண்டை நீங்கள் ஓரமாக ஒதுக்கினால் அந்த முகம் வாடிவிடும். ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டால் அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஏனென்றால் சைவம் அவர்களுக்குப் புதிதில்லை. புத்த மத நம்பிக்கை உள்ள வீடுகளில், குறிப்பாக வயதான பெண்கள், ஒவ்வொரு மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவது பழைய வழக்கம். இந்தத் திருவிழாவே ஒரு பதினைந்தாம் நாள்தான். "எங்கள் சாமிக்காக இந்த ஒரு மாதம் சைவம்" என்று கணவரை நண்பரிடம் சொல்லச் சொல்லுங்கள். "உடம்புக்கு ஆகாது" என்றால் கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பார்கள். சாமி என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சொல்வதை விவரமாகச் சொல்ல வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கீரை வரும். ஆனால் சிப்பிச் சாறு ஊற்றி வதக்கியிருக்கும். சூப்பில் துண்டு இருக்காது. ஆனால் எலும்பு கொதித்த தண்ணீராக இருக்கும். மீன், காய்ந்த இறால், முட்டை, பன்றிக்கொழுப்பு, சிப்பிச் சாறு, எலும்புத் தண்ணீர் இவை எதுவும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே சீன மொழியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசிச் செய்தியாக அனுப்பினால் நண்பர் அதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பிவிடுவார். வேலை முடிந்தது.

பயப்பட வேண்டாம், பட்டினி கிடக்க மாட்டீர்கள். இது அறுவடைக் காலத் திருநாள். அதனால் தட்டில் புதிதாக விளைந்தது நிறைய இருக்கும். குவாங்சோ வீடுகளில் அன்றைக்குச் சேப்பங்கிழங்கு கட்டாயம். சின்னக் கிழங்குகளைத் தோலோடு வேக வைத்து அப்படியே வைப்பார்கள். உரித்துத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். நம் சமையலறையில் பழகிய அதே வழவழப்பு. பிறகு பம்பளிமாஸ், நட்சத்திரப் பழம், பெர்சிமன், வேக வைத்த வேர்க்கடலை. மாட்டுத் தலை போல இரண்டு கொம்பு வைத்த கருப்பான ஒரு கொட்டையும் வரும். குளத்தில் விளைவது. ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளையாக, மாவாக இருக்கும். குழந்தைகளுக்குப் பார்த்ததுமே பிடிக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். குவாங்சோவில் இந்த இரவுக்கு நத்தை உண்டு. கண்ணுக்கு நல்லது என்பார்கள். வால் முனையை நறுக்கி, கருப்பு பீன்ஸும் ஒரு வாசனை இலையும் போட்டு வறுத்து, பெரிய தட்டில் குவித்து வைப்பார்கள். ஆளாளுக்கு எடுத்து வாயில் வைத்து உறிஞ்சுவார்கள், சத்தம் நன்றாகவே கேட்கும். பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். அங்கே போய் முகத்தைச் சுளித்தால் நன்றாக இருக்காது.

நிலாவைக் கும்பிடச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டார்கள். நகரத்துக் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பூசையே இப்போது இல்லை. தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றால் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ ஒரு சின்ன மேசை போட்டு, மூன்கேக், பம்பளிமாஸ், சேப்பங்கிழங்கு வைத்து, ஊதுவத்தி ஏற்றுவார்கள். பழைய நாளில் அது பெண்கள் செய்யும் பூசை. நிலாவில் இருப்பதாக நம்பும் சாங்'அ என்ற தேவதைக்கு. அமுத மருந்தைக் குடித்துவிட்டு, கணவனைப் பூமியில் விட்டு நிலாவுக்குப் பறந்து போனவள். கூட ஒரு முயலும் உண்டு. சீனா 2007ல் நிலாவுக்கு அனுப்பிய முதல் விண்கலத்துக்கு அவள் பெயரைத்தான் வைத்தார்கள். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள், அங்கே இருக்கும் குழந்தைகளோடு பேச்சைத் தொடங்க உதவும். பூசை நடந்தால் மரியாதையாக ஓரமாக நில்லுங்கள். கை கூப்பத் தோன்றினால் கூப்புங்கள். பௌர்ணமிக்கு விளக்கேற்றும் வீட்டுப் பெண்ணுக்கு இதில் என்ன சங்கடம் வந்துவிடப் போகிறது?

சரி, நிலா. நம் பஞ்சாங்கத்தில் இந்த முறை பௌர்ணமி மறுநாள், புரட்டாசிச் சனிக்கிழமை. இது சீனர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். பதினைந்தாம் நாள் நிலாவைவிடப் பதினாறாம் நாள் நிலாவே முழு உருண்டை என்று அவர்களே சொல்வார்கள். ஆனாலும் சாப்பாடு பதினைந்தில்தான்.

அன்று மாலை நண்பரும் அவர் மனைவியும் கொஞ்சம் களைத்துப்போய் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முன்பெல்லாம் கல்யாணமான பெண் இந்த இரவில் கணவன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். ஒரே பிள்ளை வளர்ந்த தலைமுறையில் அது தகராறாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒற்றைப் பிள்ளை, இரண்டு பக்கமும் காத்திருக்கும் பெற்றோர். அதனால் மதியம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு என்று ஓடுகிறவர்கள் நிறைய. சொந்த ஊர் ஹூனானோ சிச்சுவானோ என்றால் மூன்று நாள் விடுமுறையில் போய்த் திரும்புவது கஷ்டம். அவர்கள் கைப்பேசியில் முகம் பார்த்துக்கொள்வதோடு சரி. 2008க்கு முன்னால் இந்த நாளுக்கு அரசு விடுமுறையே கிடையாது.

சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு மேல்தான் எல்லோரும் தளர்ந்து உட்காருவார்கள். பம்பளிமாஸை உரிப்பார்கள், அந்தத் தோலைத் தொப்பியாகக் குழந்தைகள் தலையில் கவிழ்ப்பார்கள். தேநீர் வரும். அப்புறம்தான் மூன்கேக். உள்ளங்கை அகலத்தில், மேலே அச்சு எழுத்து பதிந்து, பழுப்பு நிறத்தில் இருக்கும். உள்ளே தாமரை விதையை அரைத்து, எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய விழுது. நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. அதுதான் நிலா. கத்தியால் நாலாகவோ எட்டாகவோ வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு. முழு மூன்கேக்கை ஒருவரே சாப்பிடும் வழக்கம் இல்லை. ஒன்றில் 800 கலோரி பக்கம் இருக்கும், அதனால் அதுவே நல்லது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் கணக்கு வைத்து ஒரு துண்டு எடுத்து வைக்கும் பழக்கமும் பழைய குடும்பங்களில் உண்டு.

நீங்கள் அதைத் தொட முடியாது. மஞ்சள் கரு இல்லாத வகையிலும் மேல் தோலில் முட்டை பூசித்தான் பளபளப்பு வரவைப்பார்கள். சூஜோ நகரத்துப் பாணியில் அடுக்கடுக்காக உதிரும் வகையில் பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பு. ஐந்து வகைப் பருப்பு என்று வருவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் குவாங்தோங் மாகாணத்துப் பக்கத்தில் அதில் பன்றித் தொடையிறைச்சி கலப்பது சகஜம். இதற்கு வழி இருக்கிறது. புத்த சைவ உணவகங்களிலும் சில கோயில்களிலும் இந்தப் பருவத்தில் முழுச் சைவ மூன்கேக் விற்பார்கள். முட்டையும் இல்லையா என்று கேட்டு ஒரு பெட்டி வாங்கி நீங்களே கொண்டுபோங்கள். பரிசுக்குப் பரிசும் ஆச்சு, எல்லோரும் வெட்டும்போது உங்கள் பங்குக்கும் துண்டு ஆச்சு.

கூடவே நல்ல பம்பளிமாஸ் இரண்டு, அல்லது ஊரிலிருந்து வந்த முந்திரிப் பருப்பு. அங்கே இருக்கும் குழந்தைகளுக்குக் காகித விளக்கு. தேயிலை வேண்டாம், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். நம் ஊர் ஜாங்கிரி, மைசூர்பாகும் வேண்டாம் என்றே சொல்வேன். நம் இனிப்பு அவர்கள் நாக்குக்குத் திகட்டும். கடிகாரம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் கொடுக்காதீர்கள், அபசகுனம். இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் எதிரில் பிரித்துப் பார்க்காமல் ஓரமாக வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அதுதான் அவர்கள் நாகரிகம்.

இன்னும் ஒன்று. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது இறந்தவர்களுக்கு ஊதுவத்தி வைப்பது போல இருக்கும்.

இனி அந்த நாலு பெட்டிகள். சீனாவில் மூன்கேக் பெட்டி கைமாறுவதற்கென்றே பிறந்தது. அது லஞ்சமாகவே மாறி, 2013ல் அரசுப் பணத்தில் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். 2022ல் மூன்று அடுக்குக்கு மேல் பொதியக் கூடாது என்று விதியும் வந்தது. ஆகவே வந்ததை வேறொருவருக்குக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் பெட்டி யார் கொடுத்தது என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள், கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடக் கூடாது. தேதியைப் பாருங்கள். குடியிருப்புக் காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பிள்ளைகளின் பள்ளி வேன் ஓட்டுநர் என்று கொடுத்துவிடுங்கள். ஆனால் 25ஆம் தேதிக்கு முன்னால். திருவிழா முடிந்த பிறகு அதை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கடையிலேயே பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.