எக்ஸ்பான்ஷன் வந்தால் எது போகும், எது நிற்கும்?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நானும் கல்லூரி நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர், நான்கு வருடமாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறோம். சொந்தமாகச் சின்ன கில்டு வைத்திருக்கிறோம். அடுத்த எக்ஸ்பான்ஷன் நெருங்குகிறது. வேலைக்குப் போவதால் வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. இந்த நேரத்தில் ரெய்டு கியருக்கு அலைவதில் அர்த்தம் உண்டா? கோல்டும் மூலப்பொருளும் குவித்து வைக்கலாமா? வெளியாகும் அன்றைக்கே வாங்கியாக வேண்டுமா?”

புதியவர்களுக்கு ஒரு வரி: இது பலர் இணையத்தில் ஒன்றாக ஆடும் கேம்; எக்ஸ்பான்ஷன் என்பது அதற்கு அவ்வப்போது வரும் பெரிய சேர்க்கை, கில்டு என்பது ஆடுபவர்களின் குழு, ரெய்டு என்பது பலர் கூடிப் பெரிய எதிரிகளை (பாஸ்) அடிக்கும் களம், கியர் என்பது கேரக்டர் போடும் ஆயுதமும் கவசமும், கோல்ட் என்பது கேமுக்குள் புழங்கும் பணம். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். கேரக்டரின் பலத்துக்காக என்றால் இனிமேல் கியர் சேர்க்க வேண்டாம். அந்த எட்டு மணி நேரத்தை எதில் போடுவது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

2004 நவம்பரில் இந்த கேம் வெளியானபோது உச்ச லெவல் 60. 2007 ஜனவரி 16 அன்று வந்த முதல் எக்ஸ்பான்ஷனான பர்னிங் க்ருசேட் அதை 70 ஆக்கியது. அன்று நான் ஒரு வாரியர் வைத்திருந்தேன். மால்டன் கோர் ரெய்டுக்கு நாற்பது பேர் வாரம் தவறாமல் கூடுவோம். அங்கே மாதக்கணக்கில் காத்திருந்து என் முறை வந்தபோது கிடைத்த ஊதா நிறத் தோள்கவசத்தைப் பெரிய சொத்தாக நினைத்திருந்தேன். எக்ஸ்பான்ஷன் வந்ததும் டார்க் போர்ட்டல் என்ற வாசலைத் தாண்டி, அதன் முதல் நிலமான ஹெல்ஃபயர் பெனின்சுலாவில் இறங்கி, சாதாரணமான ஒரு குவெஸ்டை (சிறு பணியை) முடித்தேன். பரிசாகப் பச்சை நிறக் கவசம் ஒன்று வந்தது. இந்த கேமில் நிறம் தரத்தைக் காட்டும்; பச்சை, ஊதாவைவிட இரண்டு படி கீழே. மவுஸை அதன் மேல் வைத்தேன். ஸ்டாமினா (உயிர்பலம்) எண் என் ஊதாக் கவசத்தில் இருந்ததைவிட அதிகம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பச்சையை மாட்டிக்கொண்டேன். என்னோடு வந்தவர்களும் அன்று மாலைக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அப்போதைய கடைசி ரெய்டான நாக்ஸ்ரமஸ் வரை போய் கியர் எடுத்த வெகுசிலர்தான் லெவல் 70 நெருங்கும் வரை பழையதைப் போட்டுக்கொண்டு சுற்ற முடிந்தது.

அப்போது மனசு வலித்தது. ஆனால் இது சரியான ஏற்பாடு என்றே இன்று சொல்வேன். புதிதாக ஒருவர் வரும்போது, மற்றவர்கள் இத்தனை வருடம் ஏறிய ஏணி முழுவதையும் அவரும் ஏறித்தான் நம் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் யாரும் வரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனும் எல்லோரையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதன் விலைதான் உங்கள் கியர். 2018இல் உச்ச லெவல் 120 வரை போய்விட்டது. 2020இல் ஷேடோலேண்ட்ஸ் வருவதற்குச் சில வாரம் முன்பு அந்த 120ஐ 50 ஆகச் சுருக்கி, புதிய உச்சத்தை மறுபடி 60இல் வைத்தார்கள். எண்களோடு ஒட்டிய எதுவும் உங்களிடம் நிரந்தரமாகத் தங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கியரைவிடப் பெரிய அடி கில்டுகளுக்கு விழுந்தது. உங்கள் கேள்வியில் பன்னிரண்டு பேர் என்று பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். பர்னிங் க்ருசேட்டில் நாற்பது பேர் ரெய்டு கிடையாது. பெரிய ரெய்டு என்றால் இருபத்தைந்து. அதற்கு முந்தைய படி, பத்துப் பேர் மட்டும் நுழையக்கூடிய கரஸான். கணக்கைப் பாருங்கள். நாற்பது பேரில் பதினைந்து பேருக்கு இடமில்லை. மிச்சமுள்ள இருபத்தைந்து பேரைக் கரஸானுக்குப் பிரித்தால் இரண்டு குழு போக ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி டேங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர்), தனித்தனி ஹீலர் (குணப்படுத்துபவர்) வேண்டும். முதல் குழு, இரண்டாம் குழு என்று பெயர் வைத்த அன்றே மனக்கசப்பு தொடங்கியது. எங்கள் கில்டு கோடைக்குள் மூன்றாக உடைந்தது. பாஸ் கடினமாக இருந்ததால் அல்ல, எண்ணிக்கை ஒத்துவராததால் உடைந்தது.

இன்று உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இப்போது நார்மல், அதைவிடக் கடினமான ஹீரோயிக் நிலை ரெய்டுகள் பத்து முதல் முப்பது பேர் வரை, வரும் ஆள் கணக்குக்குத் தக்கபடி தாமே கூடிக் குறையும். மிகக் கடினமான மித்திக் நிலை மட்டும் சரியாக இருபது பேர். ஆகவே பன்னிரண்டு பேர் என்பது ஹீரோயிக் வரை போக நல்ல எண்ணிக்கை. இரண்டு பேர் வரமுடியாத வாரத்திலும் ரெய்டு நடக்கும். மித்திக் ஆசை இருந்தால் இன்னொரு சிறு கில்டோடு இப்போதே பேசத் தொடங்குங்கள். எக்ஸ்பான்ஷன் வந்த பிறகு எல்லோரும் ஆள் தேடுவார்கள். அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது. யார் டேங்க், யார் ஹீலர், யார் கேரக்டர் மாற்றப்போகிறார்கள் என்பதை ஒரு மாலை உட்கார்ந்து பேசி முடியுங்கள். புது எக்ஸ்பான்ஷனில் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஹீலரை விட்டுவிடுவது வழக்கமாக நடப்பது.

அடுத்து, மறையப்போகும் பொருட்கள். உங்கள் எட்டு மணி நேரத்தில் பாதியை இங்கே போடச் சொல்வேன். 2010 டிசம்பரில் வந்த கேட்டகிளிசம் புதிய நிலங்களை மட்டும் சேர்க்கவில்லை, பழைய உலகத்தையே உடைத்து வார்த்தது. பேரன்ஸ் சமவெளி இரண்டாகப் பிளந்தது. தௌசண்ட் நீடில்ஸ் பள்ளத்தாக்கு தண்ணீரில் மூழ்கியது. எக்ஸ்பான்ஷனை வாங்காதவருக்கும் இதே கதிதான், ஏனென்றால் உலகம் எல்லோருக்கும் ஒன்று. அந்தப் பழைய உலகத்துக்கான ஏக்கம் தணியாமல் இருந்ததால்தான் 2019இல் கிளாசிக் என்று தனியாகவே ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. அதே கேட்டகிளிசம் மாற்றத்தில் பழைய ஸுல்குரூப் ரெய்டு எடுக்கப்பட்டு, அதில் கிடைத்த புலி மவுண்டும் ராப்டர் மவுண்டும் (மவுண்ட் என்றால் ஏறிச் செல்லும் பிராணி) அதோடு போயின. பிறகு லீஜியன் எக்ஸ்பான்ஷன் காலத்து மேஜ் டவர் சவாலில் ஜெயித்தால் கிடைத்த ஆயுதத் தோற்றங்கள், 2018இல் அடுத்த எக்ஸ்பான்ஷனை ஒட்டி மூடப்பட்டன.

ஆகவே உங்கள் குழு இப்போதைய ரெய்டின் கடைசி பாஸை ஹீரோயிக்கில் இன்னும் அடிக்கவில்லை என்றால் அதை அடியுங்கள். அதற்கான ‘அஹெட் ஆஃப் த கர்வ்’ சாதனை பிற்பாடு கிடைக்காது. அங்கே விழும் கியரைப் பற்றிக் கவலை வேண்டாம். பன்னிரண்டு பேரும் சேர்ந்து எடுத்த பெயர் அக்கவுண்டில் நிற்கும். இந்த சீசனுக்கு மட்டும் என்று போட்டிருக்கும் மவுண்ட், பட்டம் எதுவானாலும் முன்னுரிமை கொடுங்கள். அதே சமயம், ரெய்டில் அபூர்வமாக விழும் சாதாரண மவுண்டுகளுக்காக இப்போது நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒன்றிரண்டு எக்ஸ்பான்ஷன் கழிந்தால் அதே ரெய்டுக்கு நீங்கள் தனியாளாகவே போய்வரலாம். லிச் கிங்கிடம் கிடைக்கும் இன்வின்சிபிள் குதிரைக்காக இன்றும் வாரம் ஒருமுறை தனியே ஐஸ்கிரவுன் கோட்டைக்குப் போய்வருபவர்கள் எத்தனையோ பேர்.

மூலப்பொருள் விஷயத்தில் ஒரே வார்த்தை: விற்றுவிடுங்கள். 2018க்குப் பிறகு கைத்தொழில் ஒவ்வொன்றும் எக்ஸ்பான்ஷன் வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. புதியதில் சுரங்கத் தொழிலை ஒன்றாம் படியிலிருந்து தொடங்குவீர்கள்; அங்கே வேண்டியது அங்கே வெட்டும் தாது. பெட்டகத்தில் அடுக்கி வைத்திருக்கும் மூலிகையும் துணியும் வெளியீட்டு நாள் நெருங்க நெருங்க ஏல விடுதியில் விலை இறங்கும். கோல்டாக மாற்றி வைத்திருந்தால் முதல் மாதத்தில் கைகொடுக்கும். 2007இல் வேகமாகப் பறக்கும் மவுண்டுக்கான பயிற்சிக்கு மட்டும் 5,000 கோல்ட் கேட்டார்கள். கையிருப்பு இருந்தவர் முதல் வாரமே பறந்தார், இல்லாதவர் மாதக்கணக்கில் மெதுவான மவுண்டோடு காலம் தள்ளினார். இன்று அந்த அளவு பாரம் இல்லை என்றாலும், தொடக்க வாரங்களில் கைத்தொழிலில் செய்த கியரும் மருந்தும் மிக விலை கூடித்தான் இருக்கும். போதாததற்கு, 2015இலிருந்து கோல்டைக் கொடுத்து டோக்கன் வாங்கி மாதச் சந்தாவை அடைக்கலாம். உங்களைப் போல் அளந்து ஆடுபவருக்கு கோல்டின் சரியான பயன் அதுதான் என்பது என் கருத்து.

கேரக்டரின் ஆட்டமுறை மாறுவது எக்ஸ்பான்ஷன் அன்று அல்ல, அதற்குச் சில வாரம் முன்பு எல்லோருக்கும் இலவசமாக வரும் பேட்சில் (கேமின் மாற்றத் தொகுப்பில்). 2006 டிசம்பர் தொடங்கி இதுதான் நடைமுறை. திறன்கள் இடம் மாறும், சில காணாமலே போகும், ஆட்ஆன்கள் (கேமோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும் கூடுதல் நிரல்கள்) பாதி வேலை செய்யாது. இரண்டு மாலைகளை அதற்கு ஒதுக்கி, பயிற்சி பொம்மையின் முன் நின்று விரல்களைப் பழக்குங்கள். 2024இல் த வார் விதின் எக்ஸ்பான்ஷனுக்கு முன் வந்த பேட்சில்தான் வார்பேண்ட் என்ற ஏற்பாடு வந்து, நற்பெயரும் உடைத் தோற்றங்களும் அக்கவுண்ட் முழுவதற்கும் பொதுவாயின. இரண்டாவது கேரக்டரைத் தூசி தட்ட அது நல்ல நேரமாக இருந்தது.

கடைசியாக, முதல் நாளே வாங்குவது. அவசரம் இல்லை. லீஜியன் 2016 ஆகஸ்ட் 30 அன்று வந்தது, அதன் முதல் ரெய்டு திறந்தது செப்டம்பர் 20. வார் விதின் வந்த 2024 ஆகஸ்ட் 26க்கும் அதன் முதல் சீசனுக்கும் இடையே இரண்டு வாரம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் வைத்திருப்பவருக்கு உச்ச லெவல் தொட அந்த இடைவெளி ஏறக்குறைய போதும். முதல் நாள் நெரிசல் இந்த கேமுக்கு மட்டும் உரியதல்ல. 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இன்னொரு கேமின் எண்ட்வாக்கர் எக்ஸ்பான்ஷன் வந்தபோது சர்வர் தாங்காமல் விற்பனையையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். பழைய எக்ஸ்பான்ஷன்களைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், அவை சந்தாவோடு சேர்ந்தே வந்துவிடும்.

ஒன்றே ஒன்று: நீங்கள் ஒருவர் காத்திருந்து, மற்ற பதினொரு பேர் முதல் நாளே போய்விட்டால், முதல் டன்ஜன்களை (ஐந்து பேராகப் போகும் சிறு களங்களை) அவர்கள் உங்களை விட்டுவிட்டு ஓடி முடித்திருப்பார்கள். புதிய இடத்தை எல்லோரும் வழி தெரியாமல் சேர்ந்து பார்க்கும் வாரம் ஒரு எக்ஸ்பான்ஷனுக்கு ஒன்றுதான். வாங்குவது முதல் நாளா, பத்தாம் நாளா என்பதைப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எல்லோரும் ஒரே நாளில் உள்ளே போங்கள்.