கட்டாய மருத்துவக் காப்புறுதி தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கிறதா?

கேள்வி: அமெரிக்காவில் ஒபாமா கொண்டுவந்ததுபோல, அரசாங்கம் எல்லோரையும் மருத்துவக் காப்புறுதி எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது தனிமனித சுதந்திரத்தைப் பறிப்பது இல்லையா? நோயே வராத ஒருவன் ஏன் கட்டவேண்டும்?

"நோயே வராத ஒருவன்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்திலேயே வயது தெரிந்துவிட்டது. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். என் மகனும் இதே வசனத்தைத்தான் சொல்லுவான், அதனால்தான் வேலைக்குப் போகிற நேரத்தில் இதை எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்கக் கதை சின்னது. காப்புறுதி எடுக்காதவர்களுக்கு 2014 இல் தொடங்கிய அபராதத்தை 2019 இலிருந்து பூச்சியமாக்கிவிட்டார்கள், நியூ ஜெர்சி, கலிபோர்னியா மாதிரிச் சில மாநிலங்கள்தான் தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கின்றன. நான் இருப்பது சுவிஸில். இங்கே கட்டாயம் என்றால் கட்டாயம்தான். 1996 தை மாதத்திலிருந்து இந்த நாட்டில் வசிக்கிற எல்லோருக்கும், பிறந்த குழந்தைக்கும்கூட, மூன்று மாதத்துக்குள் கிராங்கன்காசா, அதாவது மருத்துவக் காப்புறுதி, இருக்கவேண்டும். எடுக்காமல் இருந்தால் கன்டோனே, அதாவது இங்கத்தைய மாநில அரசே, ஏதோ ஒரு நிறுவனத்தில் உங்களைப் பதிந்துவிடும், பில் வீட்டுக்கு வரும். கட்டாவிட்டால் பெட்ரைபுங், அதாவது கடன் வசூல் கந்தோர் கடிதம். அது உங்கள் பெயரில் பதிவில் ஏறும், பிறகு வாடகைக்கு வீடு தேடும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பதே அந்தப் பதிவுத் தாளைத்தான். லுசேர்ன், துர்காவ் மாதிரிச் சில கன்டோன்கள் காசு கட்டாதவர்களின் பட்டியலே வைத்தன. அதில் பெயர் ஏறியவர்களுக்கு அவசர சிகிச்சையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. ஆகவே சுதந்திரம் பறிபோகவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. போகிறதுதான், மாதாமாதம் போகிறது.

ஆனால் கட்டாயம் இல்லாத காப்புறுதி எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே இரண்டும் இருக்கிறது. அடிப்படைக் காப்புறுதி கட்டாயம். அதற்கு மேலே இரண்டு கட்டில் அறை, கண்ணாடி, ஆயுர்வேதம் என்று விரும்பினால் எடுக்கிற மேலதிகக் காப்புறுதி. அது முழுக்க உங்கள் இஷ்டம். உங்கள் இஷ்டம் மட்டுமில்லை, அவர்கள் இஷ்டமும். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

2017 ஐப்பசியில் ஒரு காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தார். தமிழர், மனிசியின் ஊர்ப்பக்கம், கோயிலில் அடிக்கடி காணுகிற முகம். இந்த மாதங்களில் இங்கே தமிழ் முகவர்கள் தொலைபேசியில் படுத்துகிற பாடு சுவிஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடிப்படைக் காப்புறுதியை மாற்றுவதென்றால் கார்த்திகை 30க்குள் பழைய நிறுவனத்துக்குக் கடிதம் போய்ச் சேரவேண்டும், அதற்காகத்தான் இந்த ஓட்டம். "அண்ணை, ரெண்டையும் ஒரே இடத்துக்கு மாத்தினா மாசம் எழுபது பிராங் மிச்சம், மேலதிகத்தையும் சேத்து நிப்பாட்டுவம்" என்றார். தேத்தண்ணி குடித்து முடிய முதல் நிறுத்தற் கடிதத்திலும் புது விண்ணப்பத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டார். மனிசி மட்டும் "புதுசு வந்தாப்பிறகு பழசை நிப்பாட்டினா என்ன?" என்று கேட்டாள். நான்தான் "அவருக்குத் தெரியாததே" என்றேன். இன்றுவரை அந்த வசனத்துக்கு வாங்கிக் கட்டுகிறேன்.

புது நிறுவனத்தின் அடிப்படைக் காப்புறுதி இரண்டு கிழமையில் வந்தது. உனக்கு என்ன வருத்தம், என்ன குளிசை போடுகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை, கேட்கவும் சட்டம் விடாது. மேலதிகத்துக்கு நான்கு பக்கம் கேள்வி. மனிசிக்குச் சீனி வருத்தம், முழங்கால் நோ, இரண்டையும் மறைக்காமல் எழுதினோம். (மறைத்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் புத்தி சொன்னார். மறைத்துப் பிடிபட்டால் ஒப்பந்தத்தையே முறித்துவிடுவார்கள், அந்தப் புத்தி வேண்டாம்.) மார்கழியில் ஒரு மரியாதையான கடிதம் வந்தது: வருந்துகிறோம், ஏற்க முடியாது. பழைய நிறுவனத்துக்கு ஓடினேன். புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள், விண்ணப்பித்தோம், அவர்களும் வருந்தினார்கள். 14 வருடம் கட்டிய காசு, அதோடு சரி.

இதில் எனக்கு உறைத்தது இதுதான். கட்டாயக் காப்புறுதியில் புது நிறுவனம் "ஆளை எடுத்துவிட்டோம்" என்று அறிவிக்கும்வரை பழைய நிறுவனம் ஆளைக் கைவிட முடியாது, சட்டம் அப்படி. முட்டாள்தனமாகக் கையெழுத்துப் போட்டவனையும் அது நடுத்தெருவில் விடாது. சுதந்திரமான காப்புறுதியிலோ எனக்கு விலகச் சுதந்திரம், அவர்களுக்கு விலக்கச் சுதந்திரம், எங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரி ஒருத்தி. 1996க்கு முதல் இங்கே எல்லாக் காப்புறுதியுமே ஏறக்குறைய இந்த மாதிரித்தான். சேர்கிற வயதைப் பார்த்துக் காசு, பெண்களுக்கு அதிகக் காசு, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு ஐந்து வருடம்வரை தர மாட்டோம் என்று எழுதிவைக்கலாம். நான் 1989 இல் வந்தவன், உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில் அதையும் பார்த்தேன்.

2019 இல் மனிசிக்கு முழங்கால் மாற்றினார்கள், அடிப்படைக் காப்புறுதியில்தான். நாங்கள் கட்டியது ஆயிரம் பிராங்கும், ஆஸ்பத்திரியில் கிடந்த நாளுக்குப் பதினைந்து பிராங்கும். நாலு கட்டில் அறை. பக்கத்துக் கட்டில் சுவிஸ் கிழவி இவளிடம் ரொட்டி செய்யக் கேட்டுப் பழகி, இப்போதும் நத்தாருக்குக் காட் அனுப்புகிறாள்.

உடனே "அப்ப நீங்கள் அரசாங்கத்துக்கு வக்காலத்தா" என்று கீழே வராதீர்கள். எனக்கு இந்த முறையில் வயிற்றெரிச்சல் நிறைய. வங்கி முதலாளிக்கும் கோப்பை கழுவுகிறவனுக்கும் ஒரே கட்டணம், வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குறைந்த சம்பளக்காரருக்குக் கன்டோன் கொஞ்சம் தரும், அந்தக் கோட்டுக்கு ஒரு பிராங் மேலே போனவர் பாடு தனி. குடும்ப வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் கட்டணம் போகக்கூடாது என்று 2024 ஆனியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். நான் ஆம் போட்டேன், நாடு இல்லை என்றது. கட்டணத்தைக் குறைக்க 2500 பிராங் பிரான்சீஸ் எடுத்தவர்கள், அதாவது முதல் 2500ஐக் கைக்காசில் கட்ட ஒத்துக்கொண்டவர்கள், காப்புறுதி இருந்தும் டொக்டரிடம் போகாமல் இருக்கிறார்கள். பல்லுக்கு அடிப்படையில் அநேகமாக ஒன்றும் இல்லை. நான் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்தது யாழ்ப்பாணத்தில், நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது. விமான ரிக்கற்றைச் சேர்த்தும் பெரிய நட்டமில்லை.

"ஊரில் ஆஸ்பத்திரி இலவசம், யார் கட்டாயப்படுத்தினார்கள்" என்றும் ஒருவர் வருவார். அம்மா கடையில் வாங்கிய சாமான்களின் விலைக்குள் வரி இருந்தது, ஐயா. பில் தனியாக வராததால் தெரியவில்லை.

மகன் கதைக்கு வருகிறேன். 26 ஆனவுடன் இளையோர் கட்டணம் போய் முழுக் கட்டணம் வந்தது, "வருசம் முழுக்க ஒரு டொக்டரையும் காணாத நான் ஏன் கட்டவேணும்" என்று கொள்கைக்காக நாலு மாதம் கட்டாமல் விட்டான். பெட்ரைபுங் வந்தது. பாக்கி இருக்கும்வரை வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் யார் கட்டியது என்று கேட்க வேண்டாம். அவன் இன்னும் தன் கொள்கையில்தான் இருக்கிறான், பல இடத்தில் அவன் சொல்வதும் பிழையில்லை. ஆனால் தாயின் முழங்காலுக்குப் போன காசில் அவன் வயதுப் பிள்ளைகள் கட்டியதும் இருக்கிறது என்று சொன்னால் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

நீங்களும் சுவிஸில் இருந்தால் ஒன்று: மேலதிகக் காப்புறுதியைப் புதுசு எழுத்தில் கிடைக்கும்வரை நிறுத்தாதீர்கள், யார் வந்து சொன்னாலும். அந்த முகவரைப் போன தேர்த் திருவிழாவிலும் கண்டோம். தண்ணீர்ப் பந்தலடியில் நின்று "அண்ணை, இந்த வருசம் மாத்துற எண்ணம் இல்லையோ?" என்றார். நான் வாயைத் திறக்க முதல் மனிசி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள், புது முழங்காலோடு நல்ல வேகம்.