மூளை அறிவியலாளரை எண்ணால் அளப்பது: கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக ஆய்வு மதிப்பீட்டு அறிக்கைகள் தயாரித்து வருகிறேன். பதவி உயர்வுக் குழுவோ நல்கைக் குழுவோ எது கூடினாலும், விண்ணப்பித்தவர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல் என் மேசையிலிருந்துதான் போகும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நரம்பறிவியல் பற்றிய கேள்விகள் என்பதால், அத்துறையின் உதாரணங்களைக் கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவி): ஐயா, எச்-இன்டெக்ஸ் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? என் நெறியாளர் தன்னுடையது 19 என்கிறார். அது பெரியதா, சிறியதா?

பதில்: ஒருவருடைய கட்டுரைகளை, மேற்கோள் அதிகம் பெற்றதிலிருந்து குறைவாகப் பெற்றது வரை வரிசையாக எழுதுங்கள். எட்டுக் கட்டுரைகள் எழுதிய ஒருவருக்கு 90, 41, 22, 9, 6, 5, 3, 1 என்று மேற்கோள்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு ஆறு மேற்கோள்கள் இருக்கின்றன. ஆறாவதற்கு ஐந்துதான் இருக்கின்றன. அதாவது ஐந்து கட்டுரைகளுக்குத் தலா ஐந்தோ அதற்கு மேலோ மேற்கோள்கள் உண்டு, ஆறு கட்டுரைகளுக்குத் தலா ஆறு இல்லை. ஆகவே அவருடைய எச்-இன்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 90 நாளைக்கு 900 ஆனாலும் அந்த 5 அசையாது. ஒரே ஒரு கட்டுரையால் பெயர் பெற்றவர் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போவார். நிதானமாக, நடுத்தரமாக, ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருப்பவர் ஏறுவார்.

இதை 2005-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர். இயற்பியலாளர்களை மனத்தில் வைத்து அவர் சொன்ன அளவுகளை உயிரியல் துறைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை அவரே அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். எச்-இன்டெக்ஸ் ஏறுமே ஒழிய இறங்காது என்பதால், முதல் கட்டுரை வெளியாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதால் அதை வகுத்துப் பார்க்கும் வழியையும் அவரே கொடுத்தார். உங்கள் நெறியாளர் எழுதத் தொடங்கிப் பத்தாண்டுகள்தான் ஆகின்றன என்றால் 19 நல்ல எண். முப்பதாண்டுகள் ஆகின்றன என்றால் அதே 19 வேறொன்றைச் சொல்கிறது. அதை அவரிடம் நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): இந்த எண்களின்படி உலகின் முதன்மையான நரம்பறிவியலாளர் யார்? அந்த முடிவை நம்பலாமா?

பதில்: 2016-இல் செமாண்டிக் ஸ்காலர் என்ற தேடுபொறி தன் கணக்கின்படி நரம்பறிவியலாளர்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்றவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கார்ல் ஃபிரிஸ்டன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தின் கணக்கில் அவருடைய எச்-இன்டெக்ஸ் 200-ஐத் தாண்டிப் பல காலம் ஆகிறது. அவர் பெரிய விஞ்ஞானி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்.

மனநல மருத்துவராகப் பயிற்சி பெற்ற ஃபிரிஸ்டன், 1990-களின் தொடக்கத்தில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மூளைப் படங்களைப் புள்ளியியல் முறையில் ஆராயும் ஒரு மென்பொருளை உருவாக்கினார். எஸ்.பி.எம். என்று அழைக்கப்படும் அதை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விலையில்லாமல் கொடுத்தார். எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி வந்து, உலகெங்கும் மூளையைப் படமெடுக்கும் ஆய்வகங்கள் பெருகிய காலம் அது. போதை, இசை, மறதி, காதல் என்று எதைப் பற்றிய ஆய்வாக இருந்தாலும், கட்டுரையின் செய்முறைப் பகுதியில் “தரவுகள் எஸ்.பி.எம். கொண்டு பகுத்தாயப்பட்டன” என்று ஒரு வரி வந்துவிடும், அந்த வரியின் முடிவில் ஃபிரிஸ்டனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை மேற்கோளாக நிற்கும். எழுதியவர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

இது குறையன்று. கருவி செய்து கொடுப்பதும் அறிவியல்தான். அந்த மென்பொருள் இல்லாவிட்டால் எத்தனையோ ஆய்வுகள் நடந்தே இருக்காது. ஆனால் மூளை தன் கணிப்புக்கும் புலன்கள் தரும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கவே இயங்குகிறது என்னும், அதே ஃபிரிஸ்டனின் ‘ஃப்ரீ எனர்ஜி’ கோட்பாட்டைப் பற்றித் துறைக்குள் இன்றும் கடும் வாதம் நடக்கிறது. அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும், புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர்களும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். செய்முறைப் பகுதியில் வரும் மேற்கோளும், வாதத்துக்காக வரும் மேற்கோளும், ஒப்புக்கு முன்னுரையில் சேர்க்கப்படும் மேற்கோளும் கூட்டலில் ஒன்றாகிவிடுகின்றன. மேற்கோள் எண்ணிக்கை எழுதியவரை அளக்கிறது என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது மேற்கோள் காட்டுபவர்களின் தேவையையும் பழக்கத்தையும்தான் முதலில் அளக்கிறது.

இன்னும் துலக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1971-இல் ஓல்ட்ஃபீல்ட் என்பவர் எடின்பரோவில் ஒரு வினாத்தாள் தயாரித்து வெளியிட்டார். எழுத எந்தக் கை, பல் துலக்க எந்தக் கை, தீக்குச்சி கிழிக்க எந்தக் கை என்று கேட்டு, ஒருவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்று சொல்லும் எளிய தாள் அது. மூளைப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்கும் ஆய்வகங்கள் இன்றும் அதைத்தான் எடுத்து நீட்டுகின்றன. நோபல் பரிசு பெற்ற பல கட்டுரைகளைவிட அதற்கு மேற்கோள்கள் அதிகம்.

கேள்வி (உதவிப் பேராசிரியை): என் எச்-இன்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோபஸில் 9, வெப் ஆஃப் சயின்ஸில் 7 என்று காட்டுகிறது. எதை எழுதுவது?

பதில்: மூன்றும் சரிதான், மூன்றும் வெவ்வேறு குவியல்களை எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு, கருத்தரங்கக் கட்டுரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கும். மற்ற இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே எண்ணும். எந்த எண்ணை எழுதினாலும், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஆனால் உங்கள் ஸ்கோபஸ் எண் குறைவதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது அது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. படிக்கும்போது அப்பாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து. கடவுச்சீட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயரே குடும்பப் பெயராக ஏறிவிடும். திருமணத்துக்குப் பின் சிலருக்கு இனிஷியலே மாறும். மூன்று வடிவங்களிலும் கட்டுரை எழுதிய பெண் ஆய்வாளர் ஒருவரின் விண்ணப்பம் என்னிடம் வந்தபோது, ஸ்கோபஸ் அவரை மூன்று தனி மனிதர்களாக வைத்திருந்தது; மூவரையும் இணைத்த பிறகு எச்-இன்டெக்ஸ் 6-இலிருந்து 11 ஆனது. எதிர்த்திசையிலும் நடக்கும்: ‘ஆர். குமார்’ என்ற பெயரில் பலருடைய உழைப்பு ஒரே கணக்கில் விழுந்து கிடக்கும். 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண்ணை இன்றே வாங்கி, எல்லாக் கட்டுரைகளையும் அதில் இணையுங்கள். கட்டணம் இல்லை.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் 5-க்கு மேல் உள்ள ஆய்விதழில் மட்டுமே எழுத வேண்டும் என்கிறார்கள். நியாயமா?

பதில்: இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்விதழுக்கான அளவு, கட்டுரைக்கோ ஆளுக்கோ உரியதன்று. 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்த யூஜின் கார்ஃபீல்டின் யோசனை இது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள்கள் வந்தன என்பதே கணக்கு. சராசரி என்பதில்தான் சிக்கல்: நாலைந்து கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக்கொள்ளும், பெரும்பாலானவை அந்தச் சராசரிக்குக் கீழே கிடக்கும். ஊரில் ஒரு கோடீஸ்வரர் குடியேறினால் ஊரின் சராசரி வருமானம் ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் அடுப்பில் மாற்றம் எதுவும் இருக்காது.

2023 ஏப்ரலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மூளைப் பட ஆய்வின் முதன்மை இதழான நியூரோஇமேஜின் ஆசிரியர் குழுவில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர், கட்டுரை ஒன்றுக்கு எழுதியவர்களிடம் 3,450 டாலர் வசூலிப்பது அதிகம் என்று அதை வெளியிடும் எல்சேவியர் நிறுவனத்துடன் வாதிட்டு, பயனில்லாமல் ஒட்டுமொத்தமாக விலகினார்கள், எம்.ஐ.டி. பதிப்பகத்தோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயின்ஸ் என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். அதே ஆட்கள், அதே தரம். ஆனால் புதிய இதழுக்குத் தொடக்கத்தில் இம்பாக்ட் ஃபேக்டர் கிடையாது. பழைய இதழின் எண்ணோ அவர்கள் போன பிறகும் அங்கேயே இருந்தது. ‘5-க்கு மேல்’ என்ற விதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் எங்கே அனுப்புவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கணிதத் துறை நண்பரையும் நரம்பறிவியல் துறையினரையும் ஒரே குழு ஒப்பிடுகிறது. வழி உண்டா?

பதில்: நேரடியாக ஒப்பிடவே கூடாது. நரம்பறிவியல் கட்டுரை ஒன்றின் இறுதியில் ஐம்பது அறுபது மேற்கோள்கள் இருப்பது சாதாரணம்; கணிதத்தில் அவ்வளவு இருக்காது. கொடுப்பவர்கள் அதிகம் இருக்கும் துறையில் பெறுபவர்களுக்கும் அதிகம் கிடைக்கும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச். 2016-இல் முன்வைத்த சார்பு மேற்கோள் விகிதம் இதை ஓரளவு சரிசெய்கிறது: ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்றக் கட்டுரைகளையே அதன் ‘அக்கம்பக்கம்’ என்று கொண்டு, அந்த அக்கம்பக்கத்துக்கு ஏற்ப மதிப்பிடுகிறது. என்.ஐ.எச். நிதியில் வந்த கட்டுரைகளின் நடு மதிப்பு 1. ஐசைட் என்ற தளத்தில் விலையில்லாமல் பார்க்கலாம். ஆனால் அது மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கானது. உங்கள் நண்பருக்கு உதவாது.

கேள்வி (இயன்முறை மருத்துவர்): வி. எஸ். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியை நான் தினமும் பயன்படுத்துகிறேன். அதெல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

பதில்: வராது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹிர்ஷ் பணியாற்றிய அதே சான் டியேகோ வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்த நரம்பறிவியலாளர் அவர். கை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க, நடுவில் ஒரு கண்ணாடி நிறுத்திய பெட்டி. ஒரு பக்கம் நல்ல கையை நுழைத்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் இழந்த கையின் இடத்தில் இருப்பதாக மூளை நம்பும். 1996-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. அதற்கும் மேற்கோள்கள் குறைவில்லை. ஆனால் நீங்கள் இன்று காலை ஒரு நோயாளியின் முன் அந்தப் பெட்டியை வைத்தது எந்தத் தரவுத்தளத்திலும் பதிவாகாது. கட்டுரை எழுதுபவர் பயன்படுத்தினால் மட்டுமே மேற்கோள் பிறக்கும்.

கட்டுரை எழுதுபவர்களேகூட, எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஒன்றுக்கு மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். 1891-இல் ‘நியூரான்’ என்ற சொல்லை உருவாக்கியவர் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையர். அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் அவரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

கேள்வி: ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் உள்ள கட்டுரை தவறாக இருக்குமா?

பதில்: இருக்கும். அல்சைமர் நோயில் நினைவு மங்குவதற்கு ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரதத் திரள் காரணம் என்று 2006-இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, 2,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருந்தது. அதிலுள்ள படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டவை என்ற ஐயம் 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெற்ற மேற்கோள்கள் திரும்பிப் போகவில்லை.

2016-இல் ஒரு ஸ்வீடன்-பிரிட்டன் குழு, எஸ்.பி.எம். உள்ளிட்ட மூன்று மென்பொருள்களில் வழக்கமான ஒரு பகுப்பாய்வு முறை, 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்புகளைச் சில சூழல்களில் 70 சதவீதம் வரை தருகிறது என்று காட்டியது. அந்தக் குற்றச்சாட்டுக் கட்டுரையும் மேற்கோள்களை வாரிக் குவித்தது. அதில் சொல்லப்பட்ட ‘40,000 ஆய்வுகள் கேள்விக்குறி’ என்ற மிகையை அதன் ஆசிரியர்களே பின்னர் திருத்த வேண்டியதாயிற்று.

கேள்வி: இதில் ஏமாற்ற முடியுமா?

பதில்: 2010-இல் பிரான்ஸின் சிரில் லாபே, இல்லாத ஒரு விஞ்ஞானியைப் படைத்து, கணினி எழுதிய 102 போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்து இணையத்தில் ஏற்றினார். கூகுள் ஸ்காலர் அந்த ‘விஞ்ஞானி’க்கு எச்-இன்டெக்ஸ் 94 கொடுத்தது.

கேள்வி: ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி’ என்று எங்கள் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அது என்ன?

பதில்: ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவிலிருந்து தயாரிக்கும் பட்டியல் அது. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கியும் பார்க்கிறார்கள். தனி ஆசிரியராக, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராக எழுதியவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பெயர்கள் நெருக்கும் நரம்பறிவியல் கட்டுரையில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது என்பதால் இது பயனுள்ள பிரிவினை. ஆனால் பட்டியல்கள் இரண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கு ஒன்று. ஃபிளெக்ஸில் எது என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி (தேர்வுக் குழு உறுப்பினர்): நரம்பறிவியல் பேராசிரியர் பணிக்கு வந்த விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும். உங்களிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கொண்டு ஆளை எடை போடாதீர்கள் என்கிறது, முதலில் இம்பாக்ட் ஃபேக்டர் கேட்கும் பகுதியை விண்ணப்பப் படிவத்திலிருந்து நீக்கிவிடுங்கள். விண்ணப்பதாரர் ஒவ்வொருவரையும் தனக்கு முக்கியம் என்று தோன்றும் ஐந்து கட்டுரைகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் மேற்கோள் காட்டிய இருபது வாக்கியங்களை நான் எடுத்துத் தருகிறேன்: கருவியாகப் பயன்படுத்தியது எத்தனை, முடிவைச் சோதித்துப் பார்த்தது எத்தனை, மறுத்தது எத்தனை, பெயருக்குச் சேர்த்தது எத்தனை என்று பிரித்து. எச்-இன்டெக்ஸையும் தருகிறேன், கடைசிப் பக்கத்தில். ஓர் ஆளுக்கு இதைச் செய்ய எனக்கு ஒரு முழு நாள் ஆகும். பத்துப் பேர் விண்ணப்பித்திருந்தால் நேர்காணல் தேதியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.