பிளாஸ்மா தண்ணீரை நம்பி மகளைப் படிக்க அனுப்பலாமா?

அம்மா, நேற்று போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "தண்ணீருக்குக் கரண்ட் கொடுத்துக் கிருமியைக் கொல்வதெல்லாம் ஒரு படிப்பா?" மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த மகள், மருத்துவம் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். காற்றில் மின்சாரம் பாய்ச்சி, குட்டி மின்னல் போல ஒன்றை உண்டாக்கித் தண்ணீர்மேல் படவிடுகிறார்கள். அந்த மின்னல்தான் பிளாஸ்மா. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும், கொஞ்சம் தண்ணீரும் உடைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரைட், நைட்ரேட் என்று தண்ணீரில் சேர்கின்றன. தண்ணீரும் அமிலத்தன்மை பெறுகிறது. ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் கிருமியின் ஏதோ ஒரு பூட்டைத்தான் குறிவைக்கும். கிருமி அந்தப் பூட்டை மாற்றிக்கொண்டால் தப்பித்துவிடும். இந்தத் தண்ணீரோ உறை, புரதம், டிஎன்ஏ என்று ஒரே நேரத்தில் பல பக்கமும் தாக்குகிறது. மருந்துக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ கிருமியைக்கூட ஆய்வகங்களில் இதனால் கொன்றிருக்கிறார்கள். இப்படி மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் நேரடியாக சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு கணக்கு உண்டு. உங்கள் மகள் தொட்டிருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் நாளாக நாளாக அந்தத் தண்ணீரின் வீரியம் குறைந்துவிடும். குடிக்கிற மருந்தும் அல்ல. இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அதனால் 'பிளாஸ்மா தண்ணீர் வேலை' என்று விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பெயரில் ஒரு பட்டப்படிப்பைத் தேடவும் வேண்டாம்.

இது இயற்பியலும் நுண்ணுயிரியலும் சந்திக்கிற இடம். நம் பிள்ளைகள் ஆறாம் படிவத்தில் பெரும்பாலும் இயற்பியல் அல்லது உயிரியல் என்று ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே முடிவு பல்கலைக்கழக வாசலில் இல்லை, ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்முக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே வந்துவிடுகிறது. பள்ளி ஆய்வகத்தில் அவளுக்கு எது பிடித்தது, மின்சுற்றைப் பிரித்துப் பார்ப்பதா, பெட்ரி தட்டில் கிருமி வளரும்வரை பொறுமையாகக் காத்திருப்பதா? கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இயற்பியல் பக்கம் சாய்வேன். காரணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளில், கம்பி இணைக்குமுன் சிப்பின் பரப்பைச் சுத்தம் செய்யவும் பிளாஸ்மாதான். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் சோறு போடும் திறமை அது. நுண்ணுயிரியல் எடுத்தால் மருத்துவமனை ஆய்வகம், உணவுத் தொழிற்சாலை என்று வழி இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியில் உயர முதுகலை, பிஎச்டி என்று நீளும். இரண்டு துறைகளும் பினாங்கில் மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மிலேயே உண்டு. கோலாலம்பூர்தான் என்றால், மலாயாப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பல பத்தாண்டுகளாகவே பிளாஸ்மா ஆய்வு நடக்கிறது.

மருத்துவம் படித்தால் அரசு வேலை நிச்சயம் என்றீர்கள். 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள், அம்மா. வேலை நிலைக்குமா என்ற பயத்தை இந்தப் படிப்பின்மேல் மட்டும் போட வேண்டாம்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரிசல்ட் சிலிப்பை மறக்க வேண்டாம். அப்புறம், அவள் அப்பாவும் வந்தால் நல்லது. போனில் அவர் குரல்தான் பின்னால் பெரிதாகக் கேட்டது.