பெயர் தெரியாத மரத்தின் புகையில் மீன் வாட்டலாமா? – கேள்வி பதில்

கேள்வி (பட்டுக்கோட்டை): ஐயா, போன வாரக் காற்றில் எங்கள் தோப்போரம் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. இன்ன மரமென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காயவைத்து, மீனையும் கோழியையும் புகையில் வாட்டப் பயன்படுத்தலாமா?

பதில்: பெயர் உறுதியாகும்வரை வேண்டாம். அடுப்பில் எரிக்கும்போது விறகுக்கும் உணவுக்கும் நடுவே பாத்திரம் இருக்கிறது. புகையூட்டும்போதோ மரத்திலிருந்து கிளம்புவது நேராக மீனின்மேல் படிகிறது. சாய்ந்து ஒரு வாரமே ஆகியிருப்பதால், விறகு வெட்டுபவரை அழைக்கும் முன் ஒரு கிளையை இலையோடு வெட்டியெடுத்து, இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா அல்லது மாறிமாறி நிற்கின்றனவா, வெட்டிய இடத்தில் பால் வருகிறதா, இலையைக் கசக்கினால் என்ன மணம் என்று பாருங்கள். பால் வந்தால் கையில் படவிடாதீர்கள். எதையும் வாயில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். பட்டை மெல்லிய செதிலாக உரிந்து, உள்ளே வழவழப்பாகப் பச்சை கலந்த செம்பு நிறம் தெரிந்து, இலைகளும் எதிரெதிராக இருந்தால் பெரும்பாலும் கொய்யாதான். மீனின் சுவையை மறைக்காத மென்மையான புகை அதனுடையது. நம் ஊர் மரங்களில் அதையே நான் முதலில் வைப்பேன். கசக்கிய இலையில் மாங்காய் மணம் வந்தால் மா, அதுவும் நல்லதே. ஆனால் எதிரெதிரான இலைகளில், அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் வளைந்து நுனி நோக்கி ஓடினால், நஞ்சு மரமான எட்டியாக இருக்கலாம் என்று அஞ்சி விலகிவிடுங்கள்.

கேள்வி (சிதம்பரம்): பால் வடியும் மரமெல்லாம் நஞ்சா? பலாவிலும் பால் வருகிறதே?

பதில்: எல்லாம் நஞ்சல்ல. பலாவிலும் சப்போட்டாவிலும் பால் உண்டு. பலாவை அதன் மஞ்சள் நிற வைரமே (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) காட்டிக்கொடுத்துவிடும். இருந்தாலும் பால் கண்டால் முதலில் ஒதுக்கிவைத்து, பெயர் தெரிந்தபின் எடுப்பதுதான் முறை. ஏனென்றால் அரளியும் மஞ்சள் அரளியும் பால் உள்ளவை, அவற்றின் எல்லாப் பாகங்களிலும் நஞ்சு இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். எரித்தால் வரும் புகையும் கண்ணை வருத்தும். உணவின் பக்கத்திலேயே அது வரக்கூடாது.

கேள்வி (இராமநாதபுரம்): சீமைக் கருவேலை எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் இறைச்சி வாட்டப் பேர்பெற்ற மெஸ்கீட் இதன் நெருங்கிய உறவு. புகை காரமானது என்பதால் நெடுநேரம் வைத்தால் கசப்பு ஏறும். குறைந்த நேரத்தில் வாட்டி எடுப்பவற்றுக்கே இது பொருந்தும்.

கேள்வி (சென்னை): தெருவில் விழுந்த மரத்தை அறுத்துக் குவித்திருந்தார்கள். அனுமதி பெற்றுச் சில துண்டுகளை எடுத்து வந்தேன். இலை ஒன்றும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மரம் நின்ற இடத்துக்கு மறுபடி போய், அடியில் உதிர்ந்த காயையும் சருகையும் தேடுங்கள். செம்பு நிறத்தில் தட்டையான சிறு காய்கள் கிடந்தால், 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் ஏராளமாகச் சாய்ந்த பெருங்கொன்றையாக இருக்கலாம். அதை உணவுக்குப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் இல்லாததால் நான் விட்டுவிடுவேன். ஒன்றுமே கிடைக்காவிட்டால், பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்துண்டின் உள்ளமைப்பை உருப்பெருக்கிப் பார்த்து இனத்தைச் சொல்கிறார்கள். சாலையோர மரங்களில் ஆணியும் சுவரொட்டிப் பசையும் சுண்ணாம்பும் சாயமும் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அத்தகைய துண்டு எந்த மரமானாலும் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): எங்களுடையது கொய்யா என்பது உறுதி. எவ்வளவு நாள் காயவைக்க வேண்டும், ஐயா?

பதில்: கை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, மழை படாமல் காற்றோடும் இடத்தில் அடுக்கினால் ஆறு மாதம் போதும். ஒரு துண்டை மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்; எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பூஞ்சை பிடித்ததைக் கழித்துவிடுங்கள். பச்சை மரம் வெண்புகையைக் கக்கி மீனைக் கசக்கவைக்கும். காய்ந்த மரத்தைத் தணலில் கனியவிட்டால் மெல்லிய நீலப்புகை வரும், அந்தப் புகை வந்தபிறகே மீனை உள்ளே வையுங்கள்.